திருத்திய மரபணுவைப் பயிராக்கும் கைகள்

மரபணுத் திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்ட நாள்முதல் எல்லோரும் விதையைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த விதை உருவாவதற்கு முன் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் கைவேலையையும், அதை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டின் நிலையையும் ஆராய்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

தாவரத் திசு வளர்ப்பு ஆய்வகத்தின் மாற்றல் அறைக் கதவு திறந்ததும் முதலில் காதில் விழுவது காற்றின் சீரான இரைச்சல். லாமினார் பெட்டி என்று அழைக்கப்படும் கண்ணாடி மறைப்பிட்ட மேசையின் பின்புறத்து வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 10,000-க்கு 3 மட்டுமே தப்பக்கூடிய நுட்பத்தோடு காற்றைச் சலித்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்க, முழங்கை வரை கழுவி 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்த கைகளோடு அதன் எதிரே அமர்கிறார் புதிய ஆய்வாளர். அவர் முன்னே ஒரு ஸ்பிரிட் விளக்கும் ஓர் இடுக்கியும் ஒரு சிறு கத்தியும் செடிக்குச் சத்துத் தரும் ஊடகம் நிரப்பிய குடுவைகளும் மட்டுமே இருக்கின்றன. தீயில் காட்டிய கத்தி ஆறுவதற்குள் தொட்டால் திசு வெந்துவிடும்; திறந்த குடுவையின் மேலாகக் கை ஒருமுறை கடந்தால் தோலிலிருந்து உதிரும் நுண்ணுயிர் உள்ளே விழுந்துவிடும்; இந்த இரண்டு பிழைகளையும் அந்த நேரத்தில் கண்ணால் காண முடியாது என்பதுதான் இந்தக் கல்வியின் கடுமை. மூன்று நாள் கழித்து, 25 பாகை வெப்பத்தில் 16 மணி நேர வெளிச்சம் பெறும் வளர்ப்பறையின் அடுக்கில், ஊடகத்தின் மேல் வெண்பஞ்சு போலப் பூஞ்சை படரும்போது தான் முதல் நாள் செய்த பிழை தெரியவருகிறது. புதியவர்களின் முதல் தொகுதிக் குடுவைகளில் பெரும்பகுதி இப்படிக் கழிந்துபோவது எல்லா ஆய்வகங்களும் எதிர்பார்த்திருக்கும் செய்தியே.

இந்தப் பேச்சு ஏன் இப்போது?

2025 மே மாதத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம், தமிழக உழவர்கள் ஆந்திரா பொன்னி என்று அறிந்திருக்கும் சம்பா மசூரி ரகத்தைத் திருத்தி, டிஆர்ஆர் தான் 100 அல்லது கமலா என்ற ரகத்தை உருவாக்கியது. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், எம்டியு 1010 ரகத்தைத் திருத்தி, வறட்சியையும் உவர்ப்பையும் தாங்கும் நோக்கில் பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற ரகத்தை உருவாக்கியது. இதற்கான கதவை 2022 மார்ச் மாத ஆணை ஏற்கெனவே திறந்திருந்தது. வேற்று உயிரியின் மரபணு இறுதிச் செடியில் இல்லாதவாறு சிறு திருத்தம் மட்டும் செய்யப்பட்ட பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய நீண்ட அனுமதி நடைமுறையிலிருந்து அந்த ஆணை விலக்கு அளித்தது.

அந்த அறிவிப்புக்குப் பின் நடந்த விவாதங்களில் ஆதரவாளர்கள் விளைச்சலைப் பற்றியும், எதிர்ப்பாளர்கள் பாதுகாப்பையும் காப்புரிமையையும் பற்றியும் பேசினார்கள். ஆனால் இரு தரப்பினரும் அதிகம் தொடாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மரபணுவின் எந்த எழுத்தை எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று கணினியில் திட்டமிடுவது இன்று சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் கிரிஸ்பர் கருவிக்காக எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரும் 2020-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்தத் திருத்தம் ஒரே ஒரு செல்லுக்குள் நிகழ்கிறது என்பதும், அந்த ஒற்றைச் செல்லை வேரும் இலையும் கதிரும் கொண்ட முழுச் செடியாக வளர்த்தெடுக்கும் வேலையை எந்தக் கணினியும் செய்யாது என்பதும், அது பயின்ற கைகள் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை என்பதும் வெளியே பேசப்படுவதில்லை. 2016-இல் தி பிளான்ட் செல் ஆய்விதழில் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை, மரபணுத் திருத்தக் காலத்தில் பயிர் ஆராய்ச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும் குறுகிய வாசல் இந்த மறுஉருவாக்கப் படிதான் என்று எச்சரித்தது. ஆகவே நாட்டுக்கு எத்தனை புதிய ரகங்கள் கிடைக்கும் என்ற கேள்வி, எத்தனை இளைஞர்கள் இந்தக் கைத்திறனை முழுமையாகக் கற்று, கற்ற இடத்திலேயே நிலைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியில் போய் முடிகிறது.

ஒரு செல்லிலிருந்து ஒரு செடி

தாவரத்தின் ஒவ்வொரு உயிருள்ள செல்லுக்கும் முழுச் செடியாக வளரும் ஆற்றல் உண்டு என்ற கருத்தை, ஆஸ்திரிய அறிஞர் காட்லீப் ஹாபர்லாண்ட் 1902-இல் முன்வைத்தார். அவருடைய சோதனைகளில் செல்கள் உயிரோடு இருந்தனவே தவிரப் பிரியவில்லை என்றாலும், அவர் காட்டிய திசை சரியானது என்பதை 1958-இல் கேரட் செல்களிலிருந்து கருக்களை உருவாக்கிய எஃப். சி. ஸ்டூவர்டும் ராய்னர்ட்டும் தனித்தனியே மெய்ப்பித்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின், தளிர் வளர்ச்சியைத் தூண்டும் சைட்டோகைனின் ஆகிய இரு ஊக்கிகளின் விகிதத்தை மாற்றினாலே ஒரே திசுவை வேராகவோ தளிராகவோ மாற்ற முடியும் என்று ஸ்கூக், மில்லர் இருவரும் காட்டியிருந்தார்கள்.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பங்கு பெரிது. பஞ்சானன் மகேஸ்வரி தலைமையில் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை வளர்த்த மரபில் வந்த சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேஸ்வரியும், ஊமத்தையின் மகரந்தப் பையைக் குடுவையில் வளர்த்து, ஒற்றைத் தொகுதி நிறமூர்த்தம் மட்டுமே கொண்ட செடிகள் உருவாவதை 1964-இல் உலகுக்கு முதலில் அறிவித்தார்கள். பல தலைமுறை காத்திருக்காமல் தூய வழிச் செடிகளைப் பெற இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை அதிலிருந்து கிளைத்ததே.

பயிற்சி என்ற நோக்கில் பார்த்தால், 1962-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. ஸ்கூக்கிடம் ஆய்வு மாணவராக இருந்த டோஷியோ முராஷிகே, புகையிலை இலைச் சாற்றைச் சேர்த்தால் திசு விரைந்து வளர்வதைக் கண்டு அதில் ஒளிந்திருக்கும் ஊக்கியைத் தேடினார். தேடிய பொருள் கிடைக்கவில்லை, ஆனால் வளர்ச்சிக்குப் பெரும் காரணம் அந்தச் சாற்றில் இருந்த கனிம உப்புகளே என்பது தெரிந்தது. எதிர்பார்த்த விடை வராதபோது சோதனையைத் தூக்கி எறியாமல் வந்த விடையைக் கவனமாகப் படித்த அந்த மாணவரின் பொறுமையால் உருவான ஊடகத்தில்தான் இன்றும் கோவையிலும் திருச்சியிலும் தளிர்கள் வளர்கின்றன.

பெட்டிச் செய்தி: குடுவைக்குள் இருப்பது என்ன?

• ஒரு லிட்டர் முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தில் 1,900 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் 1,650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட்டும் முதன்மை உப்புகள்.
• குடுவைக்குள் செடியால் போதிய உணவு தயாரித்துக்கொள்ள முடியாது என்பதால் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை.
• செடி நிற்பதற்கு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம்.
• அமில-கார அளவு 5.8. இது பிசகினால் அகர் உறையாமலோ உப்புகள் கரையாமலோ போகலாம்.
• ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்த பிறகே ஊடகம் பயன்பாட்டுக்கு வரும்.

கண்ணும் கையும் கற்கும் பாடம்

வாழையில் தொடங்கும் மாணவர் முதலில் கற்பது உரிப்பது. தாய்மரத்தின் அடியில் முளைத்த ஈட்டி இலைக் கன்றைத் தோண்டி, வேரையும் மண்ணையும் நீக்கி, இலையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போனால், கிழங்கின் ஒரு துண்டோடு ஒட்டியிருக்கும் வெண்ணிறக் குருத்து நுனி கிடைக்கிறது. அதைக் கிருமி நீக்கிகளில் குறிப்பிட்ட நிமிடங்கள் அமிழ்த்தி எடுத்துத் தூய நீரில் கழுவும்போது, நேரம் குறைந்தால் கிருமி பிழைக்கும், கூடினால் குருத்தே செத்துவிடும். அடுத்து, வெட்டிய பரப்பிலிருந்து கசியும் ஃபீனால் சேர்மங்கள் காற்றுப்பட்டுக் கறுத்து ஊடகத்தையும் கெடுக்கத் தொடங்கும். நறுக்கிய வாழைப்பூ கறுக்காமலிருக்க மோரில் போட்டுவைப்பது நம் சமையலறை வழக்கம் என்றால், ஆய்வகத்தில் அந்த வேலையை அஸ்கார்பிக் அமிலம் செய்கிறது. இத்தனைக்கும் பிறகு பிழைத்த குருத்து சில வாரங்களில் பச்சை பிடித்து, பக்கத் தளிர்களை விட்டு, பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றும் மறுவளர்ப்புக்குத் தயாராகிறது.

நெல்லில் கற்க வேண்டியது வேறு வகையான பார்வை. உமி நீக்கிய முதிர்ந்த நெல்மணியை, உழவர்கள் களைக்கொல்லியாக அறிந்திருக்கும் 2,4-டி என்ற ஆக்சினை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்த ஊடகத்தில் வைத்தால், கருவை ஒட்டிய திசு வீங்கி, கேலஸ் என்னும் வடிவமற்ற செல்திரளாகிறது. அந்தத் திரளின் எல்லாப் பகுதியும் செடியாவதில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில், ரவை உருண்டை போல உதிரும் தன்மையுள்ள முடிச்சுகளே செடி தரும், நீர் கோத்துப் பளபளக்கும் பகுதிகள் எத்தனை வாரம் வளர்த்தாலும் தளிர் விடாது. நூலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்த வேறுபாட்டைக் கண் பிடித்துக்கொள்ள மாதங்கள் ஆகின்றன என்பதாலும், ஒரு ரகத்துக்கு ஒத்துவந்த ஊடகம் பக்கத்து ரகத்துக்கு ஒத்துவராது என்பதாலும், பயின்ற ஒருவரின் அருகில் அமர்ந்து அவர் எதை எடுக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. உலகம் முழுவதும் செய்முறை நூலாக்கப்பட்டிருப்பது ஜப்பானிய வகை நெல்லுக்கே அதிகம். நம் வயல்களில் விளையும் இந்திக்கா வகை நெல் ரகங்கள் பல இந்த முறைகளுக்கு எளிதில் இணங்குவதில்லை என்பதால், நம் ஆய்வாளர்கள் நம் ரகங்களோடு நேரடியாகப் பழகிக் கற்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது.

குடுவைக்குள் வெற்றி பெற்ற செடி, வெளிக்காற்றில் தோற்றுப்போவதும் உண்டு. ஈரம் நிறைந்த குடுவையில் வளர்ந்த இலைகளின் மேல் மெழுகுப் பூச்சு போதாது, இலைத்துளைகள் சரியாக மூடிப் பழகியிருக்காது. ஆகையால் தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டுகளில் நட்டு, முதலில் பனிமூட்டம் போன்ற ஈரத்திலும் பிறகு நிழல்வலைக் கூடத்திலும் வைத்து, படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். கடினப்படுத்துதல் என்று அழைக்கப்படும் இந்தப் படியைக் கடைநிலை வேலையாகக் கருதித் தோட்டப் பணியாளரிடம் விட்டுவிடும் மாணவர், தம் செடியின் வாழ்வில் மிக ஆபத்தான இரண்டு வாரங்களைப் பார்க்காமலேயே பட்டம் பெற்றுவிடுகிறார்.

மரபணுவைச் செலுத்துவதும் மெய்ப்பிப்பதும்

மரபணுப் பொறியியலின் முதன்மைக் கருவி மண்ணிலேயே இருந்தது. அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் நுண்ணுயிர், காயம்பட்ட செடிக்குள் தன் மரபுப் பொருளின் ஒரு துண்டைச் செலுத்திக் கழலையை உண்டாக்குகிறது என்பதை 1977-இல் மேரி-டெல் சில்டனின் குழு நிறுவியது. கழலைக்குக் காரணமான மரபணுக்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் விரும்பிய மரபணுவை வைத்துச் செடிக்குள் அனுப்பும் முறை 1983-இல் கைகூடியது. தானியப் பயிர்களுக்கு இது ஒத்துவராது என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. 1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் இதை உறுதியாக நிகழ்த்திக் காட்டியதும் அது மாறியது.

இங்கே புதியவர் பழக வேண்டியது கணக்கும் பொறுமையும். நுண்ணுயிரை அளவறிந்து வளர்த்து, காயம்பட்ட செடி கசியவிடும் அசிட்டோசிரிங்கோன் என்ற சேர்மத்தைச் சேர்த்து அதைத் தூண்டி, கேலஸோடு இரண்டு மூன்று நாள் சேர்த்து வளர்த்து, பிறகு செஃபோடாக்சிம் என்ற எதிருயிர் மருந்தால் நுண்ணுயிரைக் கொன்று, மரபணு ஏறிய செல்கள் மட்டும் பிழைக்கும்படியான ஹைக்ரோமைசின் ஊடகத்துக்கு மாற்றுகிறார்கள். பெரும்பாலான கேலஸ் பழுப்பேறிச் சாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிர்மஞ்சள் முடிச்சுகள் தலைகாட்டும்போது ஆய்வாளருக்கு ஏற்படும் மகிழ்ச்சி நியாயமானது. அந்த மகிழ்ச்சியையே அவர் சந்தேகிக்கப் பழக வேண்டும் என்பதும் பயிற்சியின் உயிர்நாடி.

காரணம், மருந்துக்குத் தப்பிப் பிழைத்த வெறும் செல்களும் அங்கே கலந்திருக்கும். மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் முறையில் பார்த்தால், திசுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுவும் ஆம் என்று விடை சொல்லிவிடும். ஆதலால் எட்வின் சதர்ன் 1975-இல் வெளியிட்ட சதர்ன் பிளாட் சோதனையால் மரபணு செடியின் நிறமூர்த்தத்துக்குள் எத்தனை இடங்களில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த தலைமுறை விதைகளில் மெண்டல் சொன்ன 3:1 விகிதம் வருகிறதா என்றும் எண்ணிப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். கிரிஸ்பர் திருத்தத்தில் இன்னொரு கடமை சேர்கிறது. திருத்தத்தைச் செய்த கருவி மரபணு அடுத்த தலைமுறைகளில் பிரிந்து விலகிவிட்ட செடிகளைத் தேர்ந்தெடுத்து, வேற்று மரபணு எதுவும் எஞ்சவில்லை என்று மெய்ப்பித்தால்தான் 2022-ஆம் ஆண்டு விலக்கு பொருந்தும். அந்தச் சான்று நாட்டு மக்களுக்குத் தரப்படும் உறுதிமொழி என்பதால், அதைத் தயாரிக்கும் இளம் ஆய்வாளரின் நேர்மையும் துல்லியமும் பொதுநலன் சார்ந்தவை.

பெட்டிச் செய்தி: யார் அனுமதி தருகிறார்கள்?

• மரபணு மாற்ற உயிரிகள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகள், 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டவை.
• ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழு உண்டு. மாணவரின் சோதனையும் அதன் பார்வைக்குச் செல்ல வேண்டும்.
• ஆய்வு நிலைப் பணிகளை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் மறுஆய்வுக் குழு கண்காணிக்கிறது.
• மரபணு மாற்றப் பயிரைச் சூழலில் வெளியிடுவது பற்றிப் பரிசீலிப்பது, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழுள்ள மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு.
• பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி; பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் தடை. டிஎம்எச்-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் ஒப்புதல், அதன்மீதான வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற இரு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பு.

பயிற்சி தவறினால் வயல் விலை கொடுக்கும்

ஆய்வக மேசையில் நிகழும் சிறு தவறு அங்கேயே முடிந்துவிடாது. பழனி மலையின் கீழ்ப்பகுதியிலும் சிறுமலையிலும் விளையும் விருப்பாட்சி, சிறுமலை வாழைகளை முடிக்கொத்து நோய் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அசுவினி பரப்பும் அந்த வைரஸ், உழவர் தோண்டி நடும் பக்கக் கன்றுகள் வழியாகவும் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. நோய் சோதனை செய்து தேர்ந்தெடுத்த தாய்மரங்களிலிருந்து குருத்து நுனி வளர்ப்பில் பெற்ற கன்றுகளே, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய அந்தப் பழத்தை மலைச்சரிவுகளுக்குத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியின் அடித்தளமாயின. இரு வாழைகளும் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றன. இதே தொழில்நுட்பம் தலைகீழாகத் திரும்பவும் கூடும். தாய்மரத்தைச் சோதிக்காமல் எடுத்த ஒரே கன்றிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகளைப் பெருக்கினால், வைரஸும் அதே எண்ணிக்கையில் பெருகி, கடன் வாங்கித் திசு வாழை நட்ட தேனி, திருச்சி உழவரின் தோட்டத்தில் போய் இறங்கும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியதன் பின்னணி இதுவே.

மறுவளர்ப்புச் சுற்றுகளை மிகைப்படுத்தினால் வேறோர் இடர் வருகிறது. குடுவையில் நீண்ட காலம் வாழும் செல்களில் தாமாகவே மாறுபாடுகள் தோன்றும் என்பதை 1981-இல் லார்க்கினும் ஸ்கோகிராஃப்டும் சோமாகுளோனல் மாறுபாடு என்று பெயரிட்டு விளக்கினார்கள். மலேசியாவில் திசு வளர்ப்பில் பெருக்கி நட்ட எண்ணெய்ப் பனைகள் சில, ஆண்டுகள் கழித்துக் காய்க்கத் தொடங்கியபோது, மேலங்கி போர்த்தியதுபோல் உருத்திரிந்த, எண்ணெய் குறைந்த காய்களைத் தந்தன. மரபணு எழுத்துகள் மாறாமல், அவற்றின்மேல் இருக்க வேண்டிய மெத்தில் குறி கர்மா என்ற துண்டில் அழிந்துபோனதே காரணம் என்று 2015-இல்தான் கண்டறியப்பட்டது. வாழையிலும் தாறு வரும்வரை தெரியாத இத்தகைய பிறழ்வுகளைத் தவிர்க்கத்தான், எட்டுச் சுற்றுகளுக்கு மேல் மறுவளர்ப்பு செய்யக் கூடாது என்ற வரம்பு வலியுறுத்தப்படுகிறது. எத்தனையாவது சுற்று என்று குடுவையின் மேல் எழுதாமல் விடும் மாணவர், அந்த வரம்பையே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்.

பதிவேட்டின் அருமையை உணர்த்த இன்னொரு நிகழ்வும் பொதுவெளியில் இருக்கிறது. தனியார் கலப்பின விதையை ஒவ்வோராண்டும் வாங்க வேண்டிய நிலைக்கு மாற்றாக, உழவர் தாமே விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய பிகானேரி நர்மா என்ற பி.டி. பருத்தி ரகத்தைப் பொதுத்துறை உருவாக்கி 2009-ஆம் ஆண்டளவில் வெளியிட்டது. அதில் தனியார் நிறுவனத்தின் மரபணு கலந்திருப்பது தெரியவந்ததும் விதை உற்பத்தி நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு வரை சென்ற அந்த விவகாரத்தின் இழப்பு, சிறு உழவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மலிவான விதை. எந்த மாதிரி எந்த நாளில் எந்தக் கை வழியாக வந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைக்கும் பழக்கம், பட்ட மேற்படிப்பின் முதல் வாரத்தில் கற்பிக்கப்பட வேண்டிய பாடம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பி.டி. கத்தரிக்கு எதிராக நம்மாழ்வார் போன்ற இயற்கை வேளாண் முன்னோடிகள் எழுப்பிய கேள்விகளும், விதை யாருக்குச் சொந்தம் என்ற உழவர் அமைப்புகளின் கேள்வியும் இந்தப் பயிற்சியிலிருந்து பிரிக்க முடியாதவை. ஒரு நிறுவனம் தரும் பாதுகாப்பு அறிக்கையைச் சார்பின்றிச் சோதித்துப் பார்க்க, அதே நுட்பம் தெரிந்த, அந்த நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர்கள் நாட்டுக்கு வேண்டும். மரபணு மாற்றப் பயிர் வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் பொதுத்துறையில் திறமையான கைகள் இருப்பது ஒரே அளவுக்கு அவசியமாகிறது.

கற்றவர் தங்குவதற்கு இடம் உண்டா?

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் வலுவானது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தாவர மூலக்கூறு உயிரியல் மையம், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம், கடலோரக் கண்டல் செடியான வெண்கண்டலின் மரபணுவை நெல்லுக்குக் கொண்டுவந்து உவர்ப்பைத் தாங்கச் செய்யும் ஆய்வை நடத்திய சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியிருக்கின்றன. ஆயினும் பெரும்பாலான கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர், திசு வளர்ப்பை ஒரு பருவத்தின் சில செய்முறை வகுப்புகளில், குழுவாக ஒரு குடுவையைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்; அவர் வைத்த திசு தளிர் விடுவதற்குள் பருவத் தேர்வு முடிந்துவிடுகிறது.

ஆராய்ச்சிக்கு வருபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கலாம். ஆனால் ஆய்வகத்தின் அன்றாட வேலையைத் தாங்குவோரில் பலர், குறிப்பிட்ட காலத் திட்டத்துக்கென எடுக்கப்பட்ட தற்காலிகப் பணியாளர்கள். நெல் கேலஸைப் பார்த்தவுடன் தரம் சொல்லும் கண் ஒருவருக்கு வாய்க்கும் தறுவாயில் திட்டம் முடிந்து, அவர் வேறு வேலை தேடிப் போக, அடுத்த திட்டத்துக்கு வருபவர் முதல் பூஞ்சையிலிருந்து மறுபடியும் தொடங்குகிறார். வணிக ஆய்வகங்களின் மாற்றல் அறைகளில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான குருத்துகளைத் தொற்றின்றிப் பிரித்து நடும் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள்; ஆய்வுத் தாள்களில் பெயர் வராத அவர்களின் கைத்திறன் இந்தத் துறையின் உண்மையான சொத்து என்பதையும், முனைவர் பட்ட மாணவர் அவர்களிடம் மாணவராக அமர வேண்டும் என்பதையும் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்வது துறைக்கு நல்லது.

பெட்டிச் செய்தி: முழுமையான பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

• முதல் ஆறு மாதம்: ஊடகம் தயாரித்தல், கிருமி நீக்கம், மறுவளர்ப்பு, பதிவேடு. தொற்று விழுக்காட்டை மாணவரே வாரந்தோறும் எழுதிவர வேண்டும்.
• அடுத்த ஓராண்டு: ஒரே பயிரில், நம் வயல்களில் உள்ள ரகத்தில், குடுவையிலிருந்து மண் வரை தொடர்ந்து செய்து முடித்தல்.
• அதன்பின்: மரபணு செலுத்துதல், மூலக்கூறு சான்று, சந்ததி ஆய்வு. தோல்வியுற்ற சோதனைகளும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.
• இடையறாமல்: உயிரிப் பாதுகாப்பு விதிகள், மரபணு மாற்றக் கழிவை அழுத்தக் கலனில் அழித்த பின்பே வெளியேற்றுதல், பாதரசம் கலந்த கிருமி நீக்கிகளைத் தனியே சேகரித்தல்.
• ஆண்டுக்கு ஒரு பருவமேனும்: உழவர் தோட்டத்தில், தாம் வளர்த்த வகைக் கன்றுகளைத் தாறு வெட்டும் வரை பின்தொடர்தல்.

அடுத்த பத்தாண்டுக்கான விதை

இளம் திசுவை விரைந்து கருவாக்கத் தூண்டும் பேபி பூம், வுஷெல் போன்ற மரபணுக்களை 2016 முதல் தானியப் பயிர்களில் பயன்படுத்தும் முறைகள் வந்து, முன்பு இணங்காத ரகங்களும் மெல்ல இணங்கத் தொடங்கியிருக்கின்றன. இதனால் கைத்திறனின் தேவை குறைந்துவிடும் என்று கருதுவது பிழை. புதிய முறையை நம் சம்பா ரகங்களுக்கும் நம் வாழைக்கும் பொருத்திப் பார்க்கப் போவோர் குடுவையோடு பழகிய ஆய்வாளர்களே, வெளிநாட்டுச் செய்முறை நூல் தராத விடைகளைக் கண்டறிய வேண்டியவர்களும் அவர்களே. ஒவ்வொரு முக்கியப் பயிருக்கும் மரபணு மாற்றத்தையும் மறுஉருவாக்கத்தையும் செய்து தரும் நிலையான பொது ஆய்வகம் ஒன்று, அதில் திட்டக் காலத்தோடு முடிந்துபோகாத தொழில்நுட்பப் பணியிடங்கள், அங்கே மாணவர்கள் ஓராண்டேனும் தங்கிக் கற்கும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் அரசு இப்போதே தொடங்கினால், அதன் பயன் பத்தாண்டுக்குப் பின் வரும் ரகங்களில் தெரியும்.

இன்று மாற்றல் அறையில் பூஞ்சை படர்ந்த தம் முதல் குடுவையை எடுத்துப் பார்க்கும் மாணவர், அதன்மேல் தேதியையும் சுற்று எண்ணையும் தம் பெயரையும் எழுதியிருந்தால், பிழை எந்த நாளில் எந்த இடத்தில் நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, அடுத்த தொகுதியைச் சற்றே தூய்மையாக வைப்பார். ஆறு மாதத்தில் தொற்று குறையும், ஓராண்டில் கேலஸ் அடையாளம் தெரியும், மூன்றாம் ஆண்டில் அவர் அருகில் இன்னொரு புதியவர் வந்து அமர்வார். அந்த மூன்றாம் ஆண்டிலும் அவர் அந்த மேசையிலேயே இருப்பதற்கு வழிசெய்வதுதான், மரபணுத் திருத்தப் பயிர்களைப் பற்றி நாடு எடுக்க வேண்டிய முதல் முடிவு.